தையல் இல்லாத வெள்ளைத் துணி

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

பெருநாளுக்கு வந்த மகன் ஷார்ஜாவிலிருந்து ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தான். "அம்மா இனிமே பேத்திய ஆளுயரத்துக்குப் பாக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான். எங்கள் சுவரோ ஈரம் ஏறிப் பொரிந்து கிடந்தது. அதில் வீடியோ காலில் வந்த பேத்தியின் முகம் அம்மை போட்ட மாதிரி தெரிந்தது. கடையில் திரை வாங்கியிருக்கலாம். என் கையாலேயே செய்ய ஆசைப்பட்டேன். என் மனைவி நிலக்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன்.

ரீப்பர் கட்டைகளை அறுத்துச் சட்டம் அடித்தேன். துணிதான் சிக்கலானது. எங்கள் பெட்ஷீட்டுகள் எல்லாவற்றிலும் பூ. கடைத்துணி என்றால் அகலம் போதாமல் நடுவில் தைக்க வேண்டும். தையல் படத்தில் கோடாக விழும். அப்போதுதான் மனைவியின் அலமாரி அடித்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன். நல்ல பருத்தி, நல்ல அகலம், எங்கும் ஒரு தையல் இல்லை. மடிப்பில் லேசாக அத்தர் மணத்தது. யாரோ எப்போதோ கொடுத்தது என்று நினைத்தேன்.

வேண்டிய அளவுக்கு வெட்டி, பின்னால் கறுப்புத் துணி கொடுத்து, நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இழுத்து இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். சுவரில் துளையிட்டுக் கொக்கி போட்டு மாட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. மிஞ்சிய துண்டை லென்ஸ் துடைக்க வைத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க எடுத்தீக இந்தத் துணிய?"

"ஒன் அலமாரியிலதான். சும்மாதான கெடந்துச்சு?"

"ம்" என்றாள். பையை வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

அன்று சாயங்காலம் பேத்தி திரையில் வந்து சிரித்துக் கை ஆட்டினாள். என் மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கழுத்து வலிக்குதுங்க. போனக் குடுங்க, அதுலயே பாக்குறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

திரை உயரமாகிவிட்டது என்று நினைத்து, வேறு துளை போட்டு இறக்கினேன். கண் கூசுகிறது என்றாள். வெளிச்சத்தைக் குறைத்தேன். தலை சுற்றுகிறது என்றாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். ஒவ்வொரு குறையையும் நான் சரிசெய்யச் செய்ய அவளுக்குப் புதிதாக ஒன்று வந்தது. பேத்தியைப் பார்க்க உயிரை விடுகிறவள், அவள் முகம் பெரிதாக வந்தாலே அடுப்படிக்குப் போவது ஏன்? எனக்குத் தலைகால் புரியவில்லை. என்மேல் கோபமா என்று கேட்டேன். "ஒங்க மேல என்ன கோவம்? அம்புட்டு ஆசையாச் செஞ்சிருக்கீக" என்றாள். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

ஒரு நாள் அவளுடைய அக்கா மகள் வந்தாள். அந்த அக்கா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோயிருந்தார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சட்டென்று என் கையிலிருந்த துண்டை வாங்கி, அதன் கரையில் ஓடிய நீல நூலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சின்னத்தா, இது கஃபன் துணியில்ல? அம்மாவுக்குப் போத்துனதும் இதுதான். எங்கம்மாவும் சின்னம்மாவும் உம்ரா போனப்ப மக்காவுல ஒரே துணியா எடுத்து, ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் காயவச்சு, ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாக."

அவள் கண் மெதுவாகத் திரையின் பக்கம் போனது. கஃபன் என்பது எங்களில் இறந்தவரைப் போர்த்தி அடக்கும் துணி. என் மனைவி தன் கடைசிப் பயணத்துக்கு என்று பத்திரப்படுத்தியதில்தான் பேத்தியின் முகத்தை நான் ஓடவிட்டிருக்கிறேன். என் மனைவி அந்த உம்ரா யாத்திரையிலிருந்து திரும்பிய அன்று நான் பேரீச்சம்பழத்தைத் தின்றேனே தவிர, வேறு என்ன கொண்டுவந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவியிடம், "ஏன் சொல்லல?" என்றேன்.

"ஆணி அடிச்சு முடிச்சுட்டீக. வெட்டியும் போட்டீக. சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றவள், கையை முந்தானையில் துடைத்தபடி, "அலமாரியத் தொறக்கையில ஒரு போன் போட்டு, இது என்னன்னு கேக்கத் தோணலையா ஒங்களுக்கு?" என்றாள். குரல் உயரவே இல்லை.

சட்டத்தை இறக்கி, பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். சுத்தமான எந்தத் துணியும் போதும், கவலை வேண்டாம் என்றார். வந்து அதைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா? நான் ஆசப்பட்டது அக்காவுக்குப் போத்துன அதே துணிய" என்றாள்.

துணியைத் துவைத்துக் கொடுத்தேன். ஓரமெல்லாம் ஓட்டை. லென்ஸ் துடைத்த துண்டின் கறை போகவில்லை. இரண்டையும் சேர்த்து மடித்து, அதே உறையில் போட்டு, அதே தட்டில் வைத்தாள். "ஓட்டையா இருந்தா என்ன, காத்தாவது வரும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பேத்தியைப் போனிலேயே, இரண்டு தலையும் முட்டிக்கொள்ளப் பார்க்கிறோம். சர்க்கரை டப்பாவை எடுப்பதானாலும் அவளைக் கேட்டுத்தான் எடுக்கிறேன். "எடுங்க, அது வெறும் சீனிதான்" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருக்கிறதா என்று அதையும் கேட்டுவிடலாம்தான். ஆனால் அதற்கு மட்டும் இன்னும் எனக்கு வாய் வரவில்லை.