போய்க் கேட்டார், வந்து சொன்னார்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரிடமாவது எங்கள் அக்கா என்றைக்கோ ஒரு நாள் வந்து ஏதாவது கேட்டிருப்பார். கைமாற்றோ சிபாரிசோ அல்ல, யோசனை. மீதிப் பேர் அவரிடம் வந்து கேட்டவர்கள். ஆகவே அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். அங்கங்கே வாய் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா ஆயுள் முழுக்கப் பொறுத்துக்கொண்டதுதான்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் திருமங்கலத்தில். அப்பா மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தார். அந்தப் பள்ளியிலேயே படித்து, பிறகு மதுரையில் பி.காம். முடித்த கையோடு, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, காலில் ஆறாத புண். வீட்டுப் பொறுப்பு முழுவதும் அக்காவின் தலையில் விழுந்தது. என் படிப்பும் அதில் அடக்கம். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், இருட்டிய பிறகு வருவார். அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அலுப்பெல்லாம் எனக்குத்தான் இருந்தது.

வேலையில் அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. தெரிந்தவர்களில் யார் எதில் கெட்டி என்று பார்த்து வைத்துக்கொள்வார். நேரே போய், "அண்ணே, இந்த வேலைல எனக்கு எது தெரியலன்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்பார். இன்ஷூரன்ஸ் விவரங்களைப் பில்லிங் பிரிவு அண்ணனிடம் கேட்டார். நோயாளியின் சொந்தக்காரர்கள் எந்த இடத்தில் கோபப்படுகிறார்கள் என்பதை ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணனிடம் கேட்டார். கம்ப்யூட்டரை, தன்னைவிடச் சின்னவளான பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் கற்றுக்கொண்டார். "அவகிட்டப் போயா கேக்குற?" என்று நான் கேட்டதற்கு, "அவளுக்குத்தான தெரியும்?" என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கேட்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அக்காவிடம் இருந்த வழக்கம் வேறு. சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, திரும்ப அவர்களிடமே போவார். "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், இப்பிடி ஆச்சு" என்று சொல்லிவிட்டு வருவார். சரியாக வராவிட்டாலும் போய்ச் சொல்வார். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் ஆட்கள் செருப்புத் தேடும் நேரம்தான் இதற்கெல்லாம் அவருக்கு வசதி.

இதே ஆலய வளாகத்தில்தான் எங்கள் வீட்டுச் சண்டையும் தொடங்கியது. என் கல்யாணத்துக்கு மாமா வீட்டுக்கு நேரில் போய், தட்டில் பழம் வைத்துப் பத்திரிகை கொடுத்திருக்க வேண்டும். மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா கால் வலியை நினைத்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலிலேயே கையில் கொடுத்துவிட்டார். மாமா வாங்கிக்கொண்டார், கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் மகள், எங்கள் மதினி, அவரும் வரவில்லை. அதன் பிறகு ஒரே ஆலயத்தில், அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சமாதானத்தைப் பற்றிய பிரசங்கத்தை இரண்டு பக்கமும் கவனமாகக் கேட்டோம்.

வருடங்கள் ஓடின. அப்பா காலமானார். எனக்குப் பிறகுதான் அக்காவுக்குத் திருமணமாகி, அத்தானும் மகளும் என்று குடும்பம் அமைந்தது. வேலையில் மட்டும் அதே கவுண்டர். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டி மேலே போனார்கள். அப்போது மருத்துவமனை ஒரு கிளை தொடங்கி, அதற்கு நிர்வாக அலுவலர் தேடியது. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். இதை விட்டால் ஓய்வு பெறும் வரை கவுண்டர்தான் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற, அக்காவுக்குத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். வேறொரு மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்த மதினி.

அம்மா கொதித்துவிட்டார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எட்டிப் பாக்காதவுக. அவுக வாசப்படிய மிதிக்கப் போறியா?"

"நாம கூப்பிட்ட லட்சணம் அப்பிடிம்மா" என்றார் அக்கா. பழம் வாங்கித் தட்டில் அடுக்கி, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த மதினி, "வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கூடத்தில் மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அக்கா தட்டை நீட்டினார்.

"மதினி, அன்னைக்கு வீட்டுக்கு வந்து பத்திரிகை வச்சிருக்கணும். வைக்கல. தப்பு எங்க மேலதான். அதைச் சொல்லவும் வந்தேன், இன்னொண்ணு கேக்கவும் வந்தேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்க வேணாம். கேக்குறதுக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லைன்னாலும் தட்டை வாங்கிக்கங்க."

மதினி தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சு இவ புள்ளை பள்ளிக்கூடமே போயிருச்சு. இப்பத்தான் பத்திரிகை வருதாக்கும்" என்று தட்டை வாங்கிக்கொண்டு, "உள்ள வா" என்றார்.

அடுப்படியில் அக்கா கிளை வேலையைப் பற்றிச் சொல்லி, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வெங்காயம் உரித்தபடியே நேர்காணல் ஒத்திகை நடந்தது. கவுண்டரில் என்ன செய்தாய் என்று மதினி கேட்டார். கிராமத்து ஆட்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, கவுண்டர் திறக்கும்வரை வெளியே காத்துக் கிடந்ததையும், பஸ் வரும் நேரத்துக்கு ஏற்றபடி கவுண்டர் திறக்கும் நேரத்தை மாற்றியதையும் அக்கா சொன்னார். சொன்ன விதம்தான் இப்படி: "ஆம்புலன்ஸ் அண்ணன் யோசனை குடுத்தாரு, பில்லிங் அண்ணன் ஒத்துக்கிட்டாரு, பிள்ளைக எல்லாம் ஒத்துழைச்சுச்சுக."

மதினி கத்தியைக் கீழே வைத்தார். "உனக்கு எது தெரியலன்னுதான கேட்ட? கேக்கத் தெரியுது. கேட்டதை வச்சு நீ செஞ்சதைச் சொல்லத் தெரியல. எல்லாத்தையும் அடுத்தவுக பேருக்குத் தூக்கிக் குடுத்துட்டு, வெறுங்கையோட உக்காந்திருக்க. அவுக சொன்னாக, சரி. மேனேஜர் கிட்டப் போயி நின்னது யாரு? ஆளுகளை மாத்திப் போட்டது யாரு?"

"நாந்தான் மதினி" என்றார் அக்கா, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு.

கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "சத்தமாச் சொல்லுத்தா. இங்க காதுல விழுகல."

சண்டைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தோடு மாமா பேசிய முதல் பேச்சு அது. அக்கா சத்தமாகச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். வெங்காயம் என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

நேர்காணலில் அதையே சொல்லி, அந்த வேலையை அக்கா வாங்கினார். தகவல் வந்ததும் நேராக மதினி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பெத்தவளுக்கு ரெண்டாவதாத்தான் தெரியணுமோ?" என்று அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டார். கோபம் காப்பி ஆறும்வரைகூட நிற்கவில்லை. பழைய கவுண்டர் அண்ணன்மார் ஒவ்வொருவரையும் அக்கா தேடிப் போய்ச் சொன்னார்.

பிறகு ஆட்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். யாருக்கும் அவர் சொன்ன நிபந்தனை, "என்ன ஆச்சுன்னு வந்து சொல்லணும்" என்பதுதான். நேர்காணலுக்குப் போகிறவர்களிடம், செய்ததைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். கிளை வளர்ந்தது. அக்காவும் அதோடு வளர்ந்தார். நோய் கண்டபோதும் மருத்துவரிடம் முதலில் கேட்டது, "இதுல எனக்கு எது தெரியணும், சொல்லுங்க" என்பதே.

கடைசி நாட்களில் மதினி லீவு போட்டுவிட்டு வந்து அக்காவின் கூடவே இருந்தார். ஒரு மத்தியானம் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, இதுல எனக்கு எது தெரியல?" என்று கேட்டார். மதினி போர்வையை இழுத்துவிட்டார். "இது நான் பாத்த வேலை இல்ல புள்ள. எனக்கே தெரியாது" என்றார்.

அக்கா சிரித்தார். "அப்ப நான் போய்ப் பாக்குறேன். இந்தத் தடவை வந்து சொல்ல முடியாது, கோவிச்சுக்கிறாதீக."

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு ஆராதனைக்கான அழைப்பை அம்மாவே தட்டில் பழம் வைத்து, மாமா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும் அத்தான், மகள், அம்மா, நான் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். பில்லிங் அண்ணன், ஆம்புலன்ஸ் அண்ணன், கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்த தங்கை, மதினி, பெயர் தெரியாமல் நான் விட்டுவிட்ட மற்ற எல்லோரும் கேளுங்கள். அக்காவால் வர முடியாததால் நான் வந்து சொல்கிறேன். நீங்கள் சொன்னபடியே செய்தார். நன்றாக வந்தது.