வெற்றிலைத் தகடு வைத்த கத்தி

பாளையங்கோட்டையில் இன்பமணியை அறியாத வீடு குறைவு. இளம் வயதிலேயே கணவனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளி ஆசிரியனான தம்பி நேசையாவின் வீட்டில் இருந்தாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வேதம் வாசித்துக் காட்டுவதற்காகக் கிறிஸ்தவ மிஷன் அவளை ஊர் ஊராக அனுப்பியது. அப்படிப் போன வீடுகளில்தான் கத்திகள் கிடைத்தன.

முதலில் கிடைத்தது ஒரு மடக்கெழுத்தாணி. ஒரு நுனியில் ஓலையில் எழுதும் ஆணி, மறு நுனியில் ஓலை நறுக்கும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். “இனி இதுல யாரு எழுதப் போறா, நீயே வச்சிக்கோ” என்று ஒரு வீட்டம்மா கொடுத்தாள். அதன் பிறகு இன்பமணி கண்ணில் படும் மடக்குக் கத்தியெல்லாம் கேட்டு வாங்கினாள். அந்தக் கத்திகள் மாறி வந்த கதையும் அவளுக்குப் பிடிபட்டது: காகிதம் வந்ததும் எழுத்தாணி போய்க் கத்தி மட்டும் தங்கியது; இறகுப் பேனா சீவ அலகு சிறுத்தது; அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைக்காரர்களுக்காகக் கிளிமூக்கைப் போல வளைந்தது. எந்த மாதிரி எதிலிருந்து வந்தது, எந்த ஊர்க் கொல்லன் அடித்தது என்று விசாரிக்காமல் ஒன்றையும் பெட்டியில் வைக்கமாட்டாள். பிறகு பிடியைப் பார்த்தே செய்த ஆளைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். ஊரில் அது வேடிக்கைப் பேச்சாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று ஆனி மாதத்தில் மணியாச்சி ரயிலடியில் கலெக்டரைச் சுட்டுக் கொன்றார்கள். அதோடு வேடிக்கைப் பேச்சு நின்றது. ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் போலீஸ் சோதனை. யாரை எப்போது கூட்டிப் போவார்கள் என்று தெரியாமல் ஜனங்கள் வாசலில் நின்று பேசுவதையே விட்டார்கள்.

“யக்கா, அந்தப் பெட்டியக் கொண்டு போயி ஆத்துல கொட்டிரு” என்றான் நேசையா. “கத்தியப் பாத்தா அவனுவ கத சொல்ல உடுவானுவளா?”

“ஓல நறுக்குத கத்திக்கு என்னலே பயம்?” என்றாள் இன்பமணி. ஆனால் அன்றே பெட்டியைக் கட்டிலடியில் தள்ளி, மேலே பழந்துணியைப் போட்டு மூடினாள்.

ஒரு நாள் பிற்பகல் காந்திமதிநாதன் என்ற ஏட்டு வந்தார். “கத்தி சேக்குத அம்மா நீதானா?” என்று கேட்டு, கைக்குட்டையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் சோதனை போட்ட வீட்டில் கிடைத்ததாம். “இது எவன் கைவேல? சொல்லு.”

கையில் வாங்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிளிமூக்கு அலகு, எருமைக்கொம்புப் பிடி. ஆணிக்கு அடியில் வெற்றிலை மாதிரி வெட்டிய சின்னப் பித்தளைத் தகடு. அதை வைப்பவர் அம்பாசமுத்திரத்துப் பிச்சைக்கண்ணு ஆசாரி ஒருவர்தான். நாலு பெண்டுபிள்ளைகள் அவருடைய கொல்லுலையை நம்பி இருந்தார்கள்.

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் நேரம் கடத்தினாள். “இந்த மாதிரி வாழக்காரங்க எல்லாருகிட்டயும் இருக்குமய்யா.”

“அது எனக்கும் தெரியும். செஞ்சவன் யாரு?”

“தெரியாதுய்யா.”

பொய் சொல்லலாகாது என்று வீடு வீடாகப் படித்துக் காட்டியவள்.

“பெட்டிய எடு.”

நேசையா கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தான். அதே தகடு வைத்த கத்திகள் இரண்டு அதற்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஏட்டு ஒவ்வொரு துணிச்சுருளாகப் பிரித்தார். எழுத்தாணி, துருப்பிடித்த எழுத்தாணி, பேனா சீவும் கத்தி. அந்த இரண்டும் இருந்த அடிச்சுருள்களுக்குக் கை போகையில் அவருக்கு அலுத்துவிட்டது. “எல்லாம் குப்ப” என்று எழுந்தார். “ஊர உட்டு எங்கயும் போவாத. மறுபடியும் வருவோம்.”

மறுநாள் விடிந்ததும் துணி துவைக்கப் போவதுபோல ஆற்றுக்குப் போய், வெற்றிலைத் தகடு வைத்த இரண்டையும் ஆழத்தில் நழுவவிட்டாள். மனம் அடங்கவில்லை. ஆசாரியிடம் எச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ஏட்டின் சொல்லையும் மீறி ரயிலேறினாள். எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவன் அவளையே பார்ப்பதுபோலத் தோன்றியது. போலீஸ்காரனோ, வழிப்போக்கனோ? நாமே போலீசுக்கு வழிகாட்டுகிறோமோ என்ற நினைப்பு வந்ததும் சேரன்மாதேவியிலேயே இறங்கிவிட்டாள். அவன் இறங்கவில்லை. ஆனாலும் மேலே போகத் துணிவில்லாமல் அடுத்த வண்டியில் திரும்பினாள்.

அதற்கப்புறம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது. கலெக்டர் கொலை வழக்கு முடிந்து, ஊரில் பேச்சுச் சத்தம் திரும்பக் கேட்ட பிறகுதான் அம்பாசமுத்திரம் போனாள். ஆசாரி உலையில் இருந்தார். அவளைக் கண்டதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“தாயி, எம்மேல கோவமா?”

“நான் எதுக்குக் கோவிக்கணும்?”

“கத்திய எங்கிட்டதான் மொதல்ல கொண்டாந்தாவ. கைகால் ஓடல. எனக்குத் தெரியாது, பாளையங்கோட்டையில கத்தி சேக்குத அம்மாவக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். அவுக போன பெறகுதான் உறைச்சுது, நீங்க பாத்த ஒடனே எம்பேரச் சொல்லிருவியளேன்னு. அன்னையில இருந்து ஒறக்கமில்ல.”

இன்பமணி அப்படியே உலைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் யாருக்காகப் பயந்தாளோ அவர்தான் ஏட்டை அவள் வாசலுக்கு அனுப்பியவர். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவர் இன்னும் உட்காராமல் தன் வாயையே பார்த்து நிற்பதைப் பார்த்தாள்.

“நான் சொல்லல ஆசாரி” என்றாள் பைய.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்துவிட்டு இன்பமணி ரயிலுக்குப் புறப்பட்டாள்.

அதன் பிறகும் அவள் கத்தி சேர்த்தாள். ஆனால் செய்தவர் யார் என்று கேட்பதில்லை. யாராவது தாமாகப் பேரைச் சொல்ல வாயெடுத்தால், “வேண்டாம், சொல்லாதிய” என்று கையை ஆட்டித் தடுத்துவிடுவாள்.