மறுபாதி செபம்

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முன்பாதியைச் சொல்லி முடித்ததும் வியாகுலமேரியக்கா வாயை மூடிக்கொள்கிறார். பின்பாதியை இன்னொருவர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார். பிறகு விரலால் செபமாலையின் ஒரு மணியைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறார். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

ராயப்பன்பட்டியில் வீட்டுக்கு வீடு செபமாலை இப்படித்தான். ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வார்கள். கணவர் இறந்து, மகன் பெனடிக்டும் கனடாவுக்குப் போன பிறகு, அவன் மாட்டிவிட்டுப் போன ஸ்பீக்கர் வைத்த கேமராதான் பின்பாதி சொன்னது. அலமாரி மேலிருந்து அவன் குரல் வரும். நான்கு மாதத்துக்கு முன்பு அவனுக்கு ஷிப்ட் மாறியது, குரல் நின்றது. அதோடு எலி வயரையும் கடித்துவிட்டது.

பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திராட்சைப் பந்தலுக்கடியில் கத்தரியோடு நின்று கொத்தில் அதிகப்படியான பிஞ்சு கழிப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயும் சும்மா இருக்காது. சுகாதார நிலையத்திலிருந்து வாராவாரம் பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் என்னைக் கண்டதும், "வந்துட்டாகய்யா பெரிய டாக்டரு!" என்பார்.

சாயங்காலம் ஆறு மணியானால்தான் தெரியும். நாற்காலியைக் கேமராவுக்கு நேராக இழுத்துப்போட்டு, சேலையைத் திருத்திக்கொண்டு உட்காருவார்.

"வயரு அந்து கெடக்குதேக்கா?"

"தெரியும் தாயி. ஆனா அவன் சொல்றது கேக்குதே. போன வாரம் சளி கட்டியிருந்துச்சு. இப்பத்தேன் தொண்டை தெளிஞ்சிருக்கு."

தேனியில் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். "மகன்கூட செபம் சொல்றது ஒரு சீக்கா?" என்று கேட்டார்.

பெனடிக்டிடம் நான்தான் போனில் சொன்னேன். ஒரு மாதமாகத் தன் போனையே அம்மா எடுப்பதில்லை என்று அழுதான். "செபத்துக்கு நானே போன்ல வாரேன்க்கா. எங்கொரலக் கேட்டா சரியாயிருவாக" என்றான்.

சொன்னபடி நேற்று ஆறு மணிக்கு என் போனுக்குக் கூப்பிட்டான். ஸ்பீக்கரைப் போட்டு அக்கா மடியில் வைத்தேன். அவர் முன்பாதியை முடித்தார். "புனித மரியே" என்று பெனடிக்ட் தொடங்கினான். குரல் உடைந்திருந்தது.

அக்கா முகத்தைச் சுளித்தார். "யாருங்க அது நடுவுல? சத்தம் போடாதீக. எம்மகன் சொல்லிக்கிட்டிருக்கான்ல."

கேமராவைப் பார்த்தபடியே போன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினார்.