குழாய்க்குள் தெரிந்த பிளம்ஸ் மரம்

ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் இருந்த எங்கள் வீட்டை விற்பதென்றால் கழிவுநீர்க் குழாயைச் சோதித்த அறிக்கை கட்டாயம் வேண்டும் என்று தரகர் சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த மனிதர் வந்தார். எங்கடை தமிழ் ஆள்தான், ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் ஒரு சீப்பு. குழாய் மூடியைத் திறக்க முன் இரண்டு தரம் தட்டினார், யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

கமராவை உள்ளே விட்டவர் ஓரிடத்தில் நிறுத்தினார். வெடிப்பு வழியே வெள்ளை வேர்கள் தலைமுடிபோலத் திரையில் தொங்கின.

"அக்கா, முற்றத்துப் பிளம்ஸ் மரம் ஆர் வைச்சது?"

"என்ரை மனுசன்தான். போன வருசம் தவறிட்டார்."

"இஞ்சை எங்கை கிண்டினாலும் பாறை. மண் இளகின இடமாப் பாத்து வைச்சிருப்பார். அது குழாயைத் தாட்டு மூடின இடம். எங்கடை ஆக்கள் எல்லாரும் விடுற பிழைதான்."

ஓம். "மண் என்ன பதமாக் கிடக்கு, பார்" என்று மரம் வைத்த அன்று மண்வெட்டியோடு நின்று சிரித்த மனுசன்.

அறிக்கையில் எழுதினால், வீட்டை வாங்குகிறவர்கள் மரத்தை வெட்டிவிடுவார்கள். "எழுதாமல் விடேலாதோ, தம்பி?"

"ஏலாது அக்கா. வாங்கிற சனமும் பாவமெல்லே."

எழுதினார். ஆனால் கமராவை வெளியே இழுக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிவைத்து, "பாத்து முடியச் சொல்லுங்கோ, எடுக்கிறன்" என்றுவிட்டு வாசற்படியில் போய் இருந்தார். வேர்கள் தண்ணீரில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

வீட்டை விற்றாயிற்று. அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. "முடிஞ்சுது, எடுங்கோ" என்று சொன்னதாகவும் எனக்கு ஞாபகமில்லை.