கோணேசன் அண்ணையின் தோள்

டென்மார்க்கில் உள்ள எங்கள் டோஸ்ட்ருப் தமிழ்ச் சங்க மலருக்காகக் கோணேசன் அண்ணை தன் ஹொக்கி வாழ்க்கையை எழுதித் தந்திருக்கிறார். மொத்தம் ஒன்றரைப் பக்கம். படித்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கொடுத்த இடியெல்லாம் அதில் இருக்கிறது, வாங்கிய இடியில் ஒன்றுகூட இல்லை. அவர் பின்வரிசையில் நின்ற காலமெல்லாம் அவருக்குப் பின்னால் கோல் காத்தவன் நான். அவர் விழுங்கியதை நான்தான் சொல்லவேண்டும்.

அண்ணை திருகோணமலைக்காரர். மனைவி பவளராணியையும் கைக்குழந்தை நிரோஜாவையும் அங்கே விட்டுவிட்டு எண்பத்தாறில் டென்மார்க்குக்கு அகதியாக வந்தவர். வாரநாட்களில் ஹோட்டலில் கோப்பை கழுவுவார். சனிக்கிழமைகளில் எங்கள் கிளப்புக்கு விளையாடுவார். டேனிஷ்காரரும் பாகிஸ்தான்காரரும் கலந்திருந்த அந்த அணியில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஹொக்கியில் ஆளை இடிப்பது தவறு. ஆனாலும் எல்லா அணியிலும் இடிப்பதற்கென்று ஒருவன் இருப்பான். எங்களிடம் அண்ணை இருந்தார். எங்கள் முன்வரிசைப் பொடியன் ஒருவனை யாராவது மட்டையால் தட்டிவிட்டால், அடுத்த பந்துக்கு அந்த ஆள் புல்லில் உட்கார்ந்திருப்பான். நடுவர் திரும்புவதற்குள் அண்ணை அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டு முடித்திருப்பார். அப்போது அவருக்கு ஒழுங்காகத் தெரிந்த டேனிஷ் அந்த மன்னிப்பு மட்டும்தான். கோல் ஒன்றுகூட அவர் போட்டதில்லை. என்றாலும் அவர் முன்னால் நின்றால் எனக்குப் பயமே இருக்காது.

எண்பத்தேழில் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட மனுப் போட்டார். அந்த இலையுதிர்காலத்திலேயே ஒரு போட்டியில் ஹென்னிங் என்ற தபால்காரனை இடித்தார். ஹென்னிங்கின் காறை எலும்பு முறிந்துவிட்டது. நடுவர் ஏதோ எழுதினார். அது எங்கே போகும் என்று அண்ணை என்னிடம் கேட்டார். ஹொக்கிச் சங்கத்துக்குப் போகும் என்றேன். அவர் நம்பவில்லை. அரசாங்கம் என்றால் ஒன்றுதானே, எல்லாக் காகிதமும் கந்தோரில் என் பெயர் போட்ட ஒரே கோவைக்குள்தான் போய்ச் சேரும் என்றார்.

மாதங்கள் போயின. பதில் இல்லை. இடித்த இடிதான் தடுக்கிறது என்று அண்ணை முடிவு கட்டிவிட்டார். எங்கள் ஊரில் பியோன் வேலைக்குப் போவதென்றாலும் கிராம அதிகாரியான விதானையாரிடம் நற்சான்றிதழ் வாங்கவேண்டும். டோஸ்ட்ருப்பில் விதானையாருக்கு எங்கே போவது? ஹோட்டல் முதலாளியிடம் ஒன்று வாங்கினார். கிளப் தலைவர் பென்ட்டிடம் ஒன்று வாங்கினார். அதுவும் போதாதென்று, கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு, ஹென்னிங் வீட்டுக்கே போனார். எலும்பை உடைத்தவன் உடைபட்டவனிடம் நற்சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறான்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹென்னிங் முதலில் சிரித்தான். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினான். வலது தோள் இன்னும் சரிவராததால் இடது கையால், இவர் நல்ல மனிதர், கொஞ்சம் பாரமானவர் என்று கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தான்.

அதையும் அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை.

அன்றிலிருந்து அண்ணை யாரையும் தொடவில்லை. அது மற்ற அணிகளுக்குத் தெரிய எத்தனை நாள் பிடிக்கும்? பழைய கணக்கெல்லாம் வந்து சேர்ந்தது. முழங்கையால் இடித்தார்கள், காலில் மிதித்தார்கள். முன்பல் இரண்டு போனது. அவர் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரம்போல நின்றார். பின்னால் நின்ற நான், விளையாட்டை விட்டுத் தொலையுங்கள் என்று கத்தினேன். விடவும் மாட்டாராம். ஒழுங்கான விளையாட்டுக்காரன் என்று பென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறான், இப்போது விட்டால் குற்றம் செய்தவன் ஓடிவிட்டான் என்று நினைப்பார்களாம். அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. சனிக்கிழமை வந்தால் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடிவாங்கப் போவார்.

போதாக்குறைக்கு இதையெல்லாம் பவளராணி அக்காவுக்கும் எழுதிவிட்டார். அங்கே சண்டை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகத் தஞ்சம் தேடி ஓடிக்கொண்டிருந்த மனுசி அதைப் படித்தால் என்ன செய்யும்? உங்கள் கைச்சண்டித்தனத்தால்தான் நாங்கள் இங்கே கிடந்து சாகிறோம் என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே வரவில்லை.

இதில் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் எங்களில் யாருடைய குடும்பமும் வரவில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் தங்கள் பிழையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் களவாக வேலை செய்ததை நினைத்தார், இன்னொருவர் மொழி வகுப்புக்கு மட்டம் போட்டதை நினைத்தார். வெளியில் சொன்னால் மானம் போய்விடும் என்று ஒருவருக்கொருவர் மூச்சுக்கூட விடவில்லை.

பிறகு காரணம் சொல்லாமலே எல்லோருடைய மனுக்களும் அசையத் தொடங்கின. எண்பத்தொன்பது முடிவதற்குள் அக்காவும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். பல்லில்லாத அப்பாவைக் கண்டு நிரோஜா தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மட்டை அன்றைக்கே கட்டடத்தின் நிலவறைக்குப் போனது, அக்காவின் உத்தரவு. வீட்டில் ஹொக்கி என்ற சொல்லே எடுக்கக்கூடாது. அண்ணையும் சரி என்று தலையாட்டினார். குற்றவாளி வேறென்ன செய்வார்.

தொண்ணூற்று மூன்று தை மாதம் செய்தி வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் தமிழ் அகதிகளின் குடும்ப மனுக்களை அப்போதைய நீதியமைச்சர் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைத்திருந்தார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நிரோஜா டேனிஷில் கேட்டுத் தமிழில் தாய்க்குச் சொன்னாள். அக்கா அவளை இரண்டு தரம் சொல்லவைத்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் இடிச்சதாலை இல்லையோ?"

அக்கா எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் நிலவறைக்கு இறங்கிப்போய் மட்டையை எடுத்துவந்தார். முந்தானையால் தூசு தட்டி அவர் மடியில் வைத்தார்.

"என்னைக் கோவிக்காதேங்கோ. போய் விளையாடுங்கோ," என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

வசந்தத்தில் அண்ணை மீண்டும் எனக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு அப்படியொரு சந்தோசம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணி இளந்தாரி ஒருவன் அவர் விலாவில் முழங்கையைப் போட்டான். "அண்ணை, குடுங்கோ அவனுக்கு!" என்று கோலுக்குள் இருந்து கத்தினேன். அண்ணை கையை உடம்போடு ஒட்டிக்கொண்டார். இளந்தாரி மறுபடியும் போட்டான். அண்ணை அதையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

அதுதான் அவருடைய கடைசிப் போட்டி. முழங்கால் வலி காரணமாக ஓய்வு பெற்றேன் என்று மலருக்கு எழுதியிருக்கிறார். முழங்காலில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் கடைச்சாமானைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு நடந்தே ஏறுகிறார். அன்றைக்கு உடைமாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இடித்திருக்கலாமே, இனி யாருக்குப் பயம் என்று கேட்டேன்.

"தோள் எழும்புதில்லையடா," என்றார். "கந்தோரிலை ஆரோ இருந்து என்னைப் பாத்து எழுதிக்கொண்டிருக்கிற மாதிரியே கிடக்கு. அங்கை ஒருத்தரும் என்ரை கோவையைத் திறந்தே பாக்கேல்லையெண்டு தெரியும். தெரிஞ்சும் எழும்புதில்லை."