மோரிப் கடற்கரையில் ஒரு கூடாரம்

பள்ளிச் சுற்றுலாத் தாளில் கையெழுத்து வாங்கவே அப்பாவிடம் அழுது புரள வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர், தோழிகளோடு கடற்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கப் போகிறேன் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னதும், "போய்ட்டு வாம்மா" என்றார். எனக்குப் பதினொரு வயது. கேட்டது இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் சந்தேகம்தான் வந்தது. அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். அன்று மாலையே பாசாருக்குப் போய் எனக்குப் புதுச் செருப்பும் கொசுத் தைலமும் வாங்கி வந்துவிட்டார்.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் இரவு வேலை. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பகல் வேலை. என்னோடு எந்நேரமும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். காலையில் அப்பா படியேறி வரும்போது அம்மா இறங்கிக்கொண்டிருப்பார். "கொழம்பு அடுப்புல இருக்கு." "கேஸ் முடிஞ்சிருச்சு." அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்களை அழைத்துப் போனது எதிர்வீட்டு ஷர்மினியின் அப்பாவும் அம்மாவும். அங்கிள் லோரி ஓட்டுபவர்; அன்றைக்கு யாரிடமோ ஒரு வேன் கேட்டு வாங்கியிருந்தார். ஷர்மினி, கீழ்மாடி கவிதா, நான். கிளம்பும்போது அம்மா கண்ணீர் விடுவார், ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று இரண்டு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். வேன் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். வாசலில் யாருமே இல்லை. பந்திங் தாண்டும்வரை எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மோரிப்பில் போய் இறங்கினால் கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறுதான்.

"கடல் எங்க அங்கிள்?" என்றாள் கவிதா.

"வேலைக்குப் போயிருக்கு லா. சாயந்தரம் வந்துரும்."

சவுக்கு மரங்களுக்கு நடுவில் இரண்டு கூடாரங்கள். எங்களுடையதை நாங்களே கட்ட வேண்டும் என்று ஆன்டி சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே கட்டளையிட்டார். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் படுத்தது. கவிதா உள்ளே இருக்கும்போதே மொத்தமும் சரிந்து, அவள் துணிக்குள் உருண்டதைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் அது ஒருவழியாக, கொஞ்சம் கோணலாக நின்றது. மணல் கலந்த மேகியை அதன் முன்னால் உட்கார்ந்து தின்றபோது, அரண்மனை வாசலில் இருப்பதுபோல இருந்தது. சொன்னபடியே கடலும் வந்து சேர்ந்தது.

இருட்டியதும் எல்லாம் மாறிப்போனது. சவுக்கு மரங்களில் காற்று யாரோ அழுவதுபோல ஒலித்தது. எனக்கு அம்மா வேண்டும்போல இருந்தது. அங்கிளின் ஹேன்ட்போனை வாங்கி அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அப்பாவுக்கு அழைத்தேன். அதுவும் அப்படியே. மறுபடி, மறுபடி. கேஸ் வெடித்திருக்குமோ? வீடு எரிகிறதோ? நான் விட்டுவிட்டு வந்ததால்தான் இப்படி ஆகிவிட்டதோ? வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

அங்கிள் ஆன்டியைப் பார்த்தார். ஆன்டி அங்கிளைப் பார்த்தார். இருவரும் சிரிப்பை அடக்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு கல்நெஞ்சக்காரர்களோடு வந்துவிட்டோமே என்று அழுகை இன்னும் கூடியது.

"ஒண்ணும் ஆகியிருக்காது செல்லம். போன் பேக்குக்குள்ள கிடக்கும், சத்தம் கேட்டிருக்காது" என்று ஆன்டி எங்கள் கூடாரத்துக்குள்ளேயே வந்து படுத்தார். இடம் போதாமல் அவர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஷர்மினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்குத் துளியும் பயமில்லை. இருந்தும் சொன்னாள்.

காலையில் அங்கிள் சொன்னார்: "ஒங்கப்பா கூப்பிட்டாரு. நீ தூங்கிட்ட. கோலாலம்பூருக்குப் படம் பாக்கப் போயிருந்தாங்களாம்."

பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. படமா? நான் இல்லாமலா? நான் இங்கே மணலும் மேகியுமாகக் கிடக்க, அவர்கள் குளிர்சாதன அரங்கில் பாப்கார்ன் தின்றார்களா? தோழிகள் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். நான் வேனிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வீடு பூட்டியிருந்தது. ஷர்மினி வீட்டு வாசலில் காத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு, படிக்கட்டில் ஓர் ஆண் சத்தமாகச் சிரிக்கும் ஒலி கேட்டது. யாரோ என்று நினைத்தேன். அப்பா! தோளில் அம்மாவின் கைப்பை தொங்கியது. பின்னால் அம்மா, கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்தும் நீலப் பட்டில், வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி. தலையில் கசங்கிய மல்லிகை. என்னைக் கண்டதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார் அம்மா.

நான் ஓடிப்போய் அவர்மேல் விழுந்து அழுதேன். அவர்மேல் எங்கள் வீட்டுச் சோப்பு மணக்கவில்லை. "ஏன் போன எடுக்கல?" என்றேன். அப்பா கதவுச் சாவியைத் தேடினார். அம்மா என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கியது சிரிப்பால்.

அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கிள் மறுபடி மோரிப்புக்குக் கிளம்பினார். நான் கேட்பதற்கு முன்பே, வேலை உடையைக்கூட மாற்றாமல் அம்மா கேட்டார்: "போறியாம்மா? ஆன்டிகிட்ட சொல்லிரவா?"

அதற்கான பதிலை நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

"வேணாம்மா. ஒங்க ரெண்டு பேரையும் இனிமே தனியா விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

அம்மா தோளில் இருந்த பையை மெல்லக் கழற்றிக் கீழே வைத்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார். பிறகு வந்து என் தலையைத் தடவிவிட்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனார். என் பாசத்தைக் கண்டு இருவருக்கும் நெஞ்சு அடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.