யாரும் என்னைக் கூப்பிடாத காலை

செபராங் ஜெயா கிளைக்குப் பொறுப்பாளராக எனக்குப் பதவி உயர்வு வந்தபோது, எங்கள் தலைமை நூலகர் என்னை விட மறுத்தார். "நீ போய்விட்டால் தமிழ் வாசகர்களை யார் பார்ப்பது? தமிழ் தெரிந்த வேறு ஆள் கிடைக்கட்டும்" என்றார். பாராட்டுகிறாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தது, நான் நன்றாக வேலை செய்தேன் என்பதற்காகவே கை நழுவிப் போவதா?

ஜார்ஜ் டவுனில் எங்கள் நூலகத்துக்கு ஒரு வழக்கம். வாசலில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும், கவுண்டரில் இருக்கும் மலாய்த் தோழி உள்பக்கம் திரும்பி, "அக்கா! உங்க ஆளு!" என்று குரல் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். வந்தவர் மலாயில் வெளுத்துக் கட்டுவார். அவரிடம் மலாயிலேயே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நான் மத்தியானச் சாப்பாட்டு நாசி கண்டார் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வருவேன். நான் விடுப்பு எடுத்த நாளில் அவர் வெறுங்கையோடு திரும்பிப் போவார்.

அந்த மாதம் ஊழியர் பயிற்சி வந்தது. வழக்கமாக வெளியாள் ஒருவர் வந்து எங்களைக் கைதட்ட வைத்து, பந்து எறிய வைத்து, தின்னக் கறிபாப் கொடுத்து அனுப்பிவிடுவார். "இந்தத் தடவை பயிற்சியை நான் நடத்துகிறேன். நான் இல்லாமலே தமிழ் வாசகர்களைக் கவனிக்க இவர்கள் தேறிவிட்டால் என்னை விட்டுவிடுங்கள்" என்று தலைமை நூலகரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நான் யாருக்கும் தமிழ் சொல்லித் தரவில்லை. ஒரு காலையில் நடக்கிற காரியமா அது? எல்லோரையும் தமிழ் அலமாரி முன்னால் நிறுத்தினேன். பாதிப் புத்தகங்கள் தலைகீழாக நின்றன. எண் ஒட்டிய முனை கீழே இருக்க வேண்டும் என்றேன். பிறகு, மலாய்ப் புத்தகத்தைத் தேடுவதுபோலவே எண்ணைப் பார்த்து எடுத்துவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள். இவ்வளவுதானா என்று கேட்டாள் தோழி. "இவ்வளவேதான். வாசகரிடம் மலாயில் கேள். என் பக்கம் மட்டும் திரும்பாதே" என்றேன்.

கதவைத் திறந்தோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து சீருடையோடு வரும் பெண் ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, போன வாரம் எடுத்த கதைக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?"

"கவுண்டர்ல கேளும்மா."

அவள் முகம் சுருங்கியது. "ஏன்க்கா, என் மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல லா. கேட்டுத்தான் பாரேன்."

தலைமை நூலகர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோழியின் கழுத்து பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பியது. பாதியிலேயே நின்றது. மலாயில் இரண்டு கேள்வி கேட்டாள், கணினியில் தட்டினாள், எழுந்து அலமாரிக்குப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

அவள் புத்தகத்தோடு வந்தாள். "இதேதான் லா!" என்று தொழிற்சாலைப் பெண் வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள். தலைமை நூலகர் என் மேசைக்கு வந்து, "சரி, போய் வா" என்றார்.

அதன் பிறகும் தமிழ் முகங்கள் வந்தபடிதான் இருந்தன. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் வலித்தது, நிறையச் சந்தோஷமாக இருந்தது. அன்று மத்தியானம், அந்த நூலகத்தில் முதல் முறையாக, என் நாசி கண்டாரைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.